கொழுந்துக் கறை

கண்ணுகளா, இப்போதுதான் சாப்பிட்டு வந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். இது வயிற்றைப் புரட்டுகிற கதை. இதில் மலம் வரும், பித்தம் வரும். அதெல்லாம் மனுஷ உடம்பில் இருப்பதுதான், அதற்கு நான் மூக்கைப் பொத்துகிறவள் இல்லை. எனக்குக் குமட்டியது எது என்பதைக் கதை போகப் போக நீங்களே கண்டுகொள்வீர்கள்.

கெஸியா சொன்னது பாதி, அவள் அக்கா எல்சா சொன்னது கொஞ்சம், ஆஸ்பத்திரி டாக்டர் ஒருத்தி கெஸியாவிடம் சொன்னது கொஞ்சம். கடைசியில் எங்கள் சர்ச்சில் நடந்ததை மட்டும் நான் கண்ணால் பார்த்தேன்.

கெஸியா மஞ்சூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். லயம் என்றால் ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடு. இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுக் கப்பலேறி வந்த குடும்பம். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். எல்சாதான் தேயிலைக் கொழுந்து பறித்துத் தங்கச்சியைப் படிக்க வைத்தாள். கெஸியா பி.எட். முடித்துக் குன்னூரில் டீச்சர் வேலைக்கு வந்தாள், சர்ச் பாடகர் குழுவில் பெனிஸோடு பழகினாள், கல்யாணம் ஆயிற்று.

பெனிஸின் அப்பா சுவிசேஷமுத்து தோட்டத்துக் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் இல்லை சாமி, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற ஸ்டாஃப். ஆபீஸ் ஸ்டாஃப் குடும்பத்துக்கும் லயத்துக் குடும்பத்துக்கும் நடுவில் இருக்கிற தூரம் மேட்டுப்பாளையம் ரோட்டை விட நீளம். அது ஒரே சர்ச்சில் ஒரே அப்பத்தைப் பிட்டு வாங்கினாலும் குறையாது.

பெனிஸின் அம்மா ஜெஸிந்தா. சர்ச் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. அவர் வீட்டுக்குள் நுழையும்போதே பினாயில் வாடை கண்ணைக் கரிக்கும். எல்சா எப்போதாவது தங்கச்சியைப் பார்க்க வந்தால், ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் காப்பி வரும். வேறு யாருக்கும் அந்த டம்ளரில் வந்து நான் பார்த்ததில்லை. எல்சா அவரை "கண்டக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவாள். தங்கச்சியின் மாமியார், அத்தை என்று கூப்பிட வேண்டிய முறை. ஒருமுறை அப்படிக் கூப்பிட்டதற்கு ஜெஸிந்தா திரும்பியே பார்க்கவில்லையாம்.

கெஸியாவுக்கு எட்டாம் மாதம் பிறந்ததும் பிரஷர் ஏறிவிட்டது. முகம் ஊதி, தலை வலித்து, கண்ணில் பூச்சி பறந்தது. குன்னூரில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள், பேர் வேண்டாம். எல்சா லீவு போட்டு வந்து ஒரு நாள் துணைக்கு இருந்தாள். வீங்கின காலை அமுக்கிவிட்டாள், தலை வாரிவிட்டாள். மறுநாள் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. ஷைனா என்று பேர் முன்னாடியே எடுத்து வைத்திருந்தார்கள். உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் அடங்கிவிடுகிற பிள்ளை. தோல் வெங்காயச் சருகு மாதிரி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் வைத்து, ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் கிருமியைக் கொல்கிற ஊசி மருந்து இரண்டை ஆரம்பித்தார்கள்.

பிள்ளைகளைப் பார்க்கிற சின்ன டாக்டர் அலீனா. கூடலூர்க்காரப் பெண். பேச்சில் பாதி மலையாளம் வரும், பிள்ளையைக் கொச்சு என்பாள். தாயிடம் உட்கார்ந்து பேசுகிற பழக்கம் அவளுக்கு இருந்தது. இந்தக் கதையில் அந்தப் பழக்கம் உள்ள ஒரே ஆள் அவள்தான்.

"சேச்சி, பயத்துல ஆரம்பிச்ச மருந்து இது," என்றாள். "சீக்கிரம் பிறந்த கொச்சுங்களுக்குக் கிருமி இருந்தா நொடியில தூக்கிட்டுப் போயிரும். அதனால முதல்ல போட்டுருவோம். ரெண்டு நாள்ல ரிசல்ட் வரும். ரத்தத்துல கிருமி வளரலேன்னா நிறுத்திடணும்."

"நிறுத்துனா ஒண்ணும் ஆகாதுங்களா?"

"உங்க கொச்சு சீக்கிரம் வந்தது உங்க பிரஷர்னால. பனிக்குடம் உடையல, உங்களுக்குக் காய்ச்சல் இல்ல. கிருமி வர்ற வழியே இல்ல. வயித்துக்குள்ள நல்ல கிருமின்னு ஒரு கூட்டம் இப்பத்தான் குடிவர ஆரம்பிக்குது. தேவையில்லாம மருந்து போட்டுட்டே இருந்தா அதுங்க போயிரும். காலி ஊட்டுல கெட்டது வந்து உக்காந்துக்கும். நீங்க பால் பீச்சிக் குடுங்க. சொட்டுச் சொட்டாப் போதும். அந்த மஞ்சப் பால்தான் இப்ப மருந்து."

இரண்டு நாளில் ரிசல்ட் வந்தது. ஒரு கிருமியும் வளரவில்லை. பிள்ளை மூக்குக் குழாய் இல்லாமலே மூச்சு விட்டது. நர்சிங் ஹோம் முதலாளி டாக்டர் கீர்த்திவாசனும், "சரி, சாயந்தரத்தோட நிறுத்திருங்க" என்று சொல்லிவிட்டார். கெஸியா சிசேரியன் வலியோடு எழுந்து உட்கார்ந்து, ஒரு சின்னக் கிண்ணத்தில் அடி நனைகிற அளவுக்குப் பால் பீச்சினாள். மஞ்சளாக, பிசுபிசுவென்று. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

அன்று மதியம் எல்சா வந்தாள். அரை நாள் வேலை முடிந்த கையோடு மஞ்சூர் பஸ்ஸைப் பிடித்து, மாற்றுச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

பிள்ளை இருக்கிற அறை வாசலில் ஒரு வாஷ்பேசின். உள்ளே போகிறவர்கள் கை கழுவ வேண்டும். நல்ல சட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே நின்ற நர்ஸ் பிரீத்தி கோயமுத்தூர்ப் பெண். வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான். தேயிலைச் செடியைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பாள்.

"ஏனுங்க, கையக் கழுவீட்டு வாங்க."

"கழுவிட்டேன் சிஸ்டர்."

"இதா கழுவுனது? விரலெல்லாம் கருப்பா இருக்குதுங்க."

"இது கொழுந்துக் கறை. போகாதுங்க."

"போகாத அழுக்கு எங்கீங்க இருக்குது. சோப்புப் போட்டு நல்லாத் தேயுங்க."

எல்சா தேய்த்தாள். மறுபடி தேய்த்தாள். பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தார்கள், அதையும் போட்டுத் தேய்த்தாள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சிவந்து ரத்தம் கசிகிற மாதிரி ஆயிற்று, கருப்பு அப்படியே இருந்தது. கொழுந்து பறிக்கிற விரல் அப்படித்தான் கண்ணுகளா. தேயிலைச் சாறு தோல் வெடிப்பில் இறங்கி ஊறிப்போன நிறம் அது. அதோடுதான் சோறு பிசைவார்கள், பிள்ளைக்குப் பொட்டு வைப்பார்கள், செத்துப் பெட்டிக்குள் போகும்போதும் அதோடுதான் போவார்கள். யார் மேலும் ஒட்டாது.

பிரீத்திக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கெட்ட பெண் இல்லை அவள். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெஸிந்தாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, நீங்க தோட்டத்துக்காரங்கதானுங்க. நீங்களே சொல்லுங்க. இது கறைங்களா, அழுக்குங்களா?"

ஜெஸிந்தா எல்சாவின் கையைப் பார்த்தார். பிறகு தன் கைப்பையைப் பார்த்தார்.

"எனக்கென்ன கண்ணு தெரியும்," என்றார். "லயத்துல இருந்து வர்றாங்க. அங்க தண்ணி எப்படி, கக்கூசு எப்படின்னு யாரு கண்டா."

தெரியாதாம். ஜெஸிந்தாவின் அம்மா பாப்பம்மாளை எனக்குத் தெரியும். கோத்தகிரிப் பக்கம் கூடை கட்டிக் கொழுந்து பறித்த பொம்பளை. ஜெஸிந்தாவுக்கு ரெட்டை ஜடை பின்னிவிட்டு, வகிடு எடுத்து, கன்னத்தைப் பிடித்து பவுடர் போட்டுவிட்ட விரல்கள் இதே கருப்பு. அந்தக் கன்னத்தில் ஒரு நாளும் கறை ஒட்டியதில்லை. கண்டக்டருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு ஜெஸிந்தா அந்த அம்மாவைச் சர்ச்சுக்குக் கூட்டி வரும்போது, கையைச் சால்வைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுவார். அந்தக் கிழவி சுள்ளென்று வெயில் அடிக்கிற ஏப்ரலிலும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இதற்குள் கீர்த்திவாசன் அந்தப் பக்கம் வந்தார். ஜெஸிந்தா எழுந்து நின்றார்.

"டாக்டர், ஆபரேஷனுக்கு முந்துன நாள் மருமகளைத் தொட்டுத் தடவி, காலமுக்கி விட்டதெல்லாம் இவங்கதானுங்க. கையப் பாருங்க. எனக்கு நெஞ்சு பதறுது. மருந்த நிறுத்தறீங்கன்னு சொல்றாங்களே."

கீர்த்திவாசன் எல்சாவின் கையைப் பார்த்தார். எல்சா அதைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அவர் முகத்தை ஒரு பக்கமாகச் சுளித்தார். பிறகு அலீனாவைக் கூப்பிட்டார்.

"நிறுத்த வேண்டாம். ஃபுல் கோர்ஸ் போகட்டும். இன்னும் பெருசா ஒண்ணு சேத்துக்கலாம்."

"சார், பிளட் கல்ச்சர்ல ஒண்ணும் வளரல. கொச்சு நல்லா இருக்கு."

"கல்ச்சர்ல வராத கிருமியும் இருக்கும்மா."

"அப்படிப் பார்த்தா எப்பவுமே நிறுத்த முடியாதே சார்."

கீர்த்திவாசன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தக் குழந்தைக்கு நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, ஏன் நிறுத்துனேன்னு என்னைத்தான் கேப்பாங்க. ஏன் போட்டேன்னு இந்த மலையில இதுவரைக்கும் ஒருத்தர் என்னைக் கேட்டதில்ல."

பாருங்கள், எவ்வளவு சுத்தமான பதில். அதில் குழந்தை எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அலீனா விடவில்லை. குடும்பத்துப் பெரியவர் சொன்னால் கீர்த்திவாசன் கேட்பார் என்று சுவிசேஷமுத்துவிடம் போனாள். அவர் காரிடாரில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆள் கணக்குப் பார்க்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, நான் இத்தன வருஷம் செடி வளத்தவன்," என்றார். "மழை புடிச்சுட்டா கொப்புள நோய் வரும். இலையில கொப்புளம் கெளம்பட்டும், அப்பறம் மருந்து அடிக்கலாம்னு எந்தக் கண்டக்டராவது இருந்தா, அந்தத் தோட்டம் போச்சு. கெளம்பறதுக்கு முன்னாலயே அடிக்கணும். விடாம அடிக்கணும்."

"எங்க வீட்டுலயும் கொஞ்சம் தேயிலை இருக்கு அங்கிள். விடாம அடிச்ச வருஷம் உங்க தோட்டத்துல இலையை உறிஞ்சற செம்பேன் வரலையா? பேனைத் தின்ற பூச்சியும் சேந்து செத்துப் போச்சுன்னு எங்கப்பா தலையில கை வெச்சார்."

சுவிசேஷமுத்து சிரித்தார். "அதுக்கு வேற மருந்து இருக்குதுங்க."

அலீனா அங்கிருந்து திரும்பினாள். பெனிஸைத் தேடிப் போனாள். அவன் கேண்டீனில் இருந்தான். தேயிலைத் தொழிற்சாலை ஆபீஸில் வேலை பார்க்கிறவன், படித்தவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்றான். கேட்டுவிட்டு வந்து இன்னொரு காப்பி சொன்னான்.

அன்று பெண்கள் ஐக்கியத்து வாட்ஸ்அப்பில் ஜெஸிந்தாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. எனக்கும் வந்தது. பிள்ளைக்குப் பெரிய ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்கள், கோயமுத்தூரிலேயே சில பெரிய ஆஸ்பத்திரியில்தான் அதைப் போடுவார்களாம், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று. மருந்துக் குப்பியின் போட்டோவும் இருந்தது. கல்யாணப் பட்டுச்சேலையைக் காட்டுகிற மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்திருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடுகிற கைகள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றும் நெஞ்சில் நிற்கிறது. எல்சாவை அறைக்குள் விடவில்லை. அவள் கெஸியாவின் கட்டிலுக்கு வந்து, பால் பீச்ச முடியாமல் வலியில் திணறியவளுக்கு முதுகைத் தாங்கிப் பிடித்துக் கிண்ணத்தையும் பிடித்துக்கொண்டாள். முன்னை விட நிறைய வந்தது. கெஸியா சிரித்தாளாம், பிரசவத்துக்கு அப்புறம் முதல் தடவையாக. எல்சா கிண்ணத்தை மூடி மேஜை மேல் வைத்தாள். ஜெஸிந்தா வந்தார். "இது யாரு கை பட்டது?" என்றார். ஒருவரும் பதில் சொல்வதற்குள் கிண்ணத்தை எடுத்துப் போய் வாஷ்பேசினில் ஊற்றினார். தண்ணீரைத் திறந்துவிட்டார். அது போதாதென்று, மூலையில் இருந்த பினாயில் பாட்டிலை எடுத்து அதன் மேல் ஊற்றினார்.

அந்த மஞ்சள் பாலின் மேல் பினாயில் பட்டு வெள்ளையாகத் திரண்டு ஓட்டைக்குள் போனதைக் கெஸியா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அது என் பாலு," என்றாள்.

"உன் பாலுதான் கண்ணு. யாரு இல்லைன்னா? கொஞ்ச நாளைக்குப் பவுடர்ப் பால் குடுப்போம். அது டப்பாவுல சீல் வெச்சு வருது. கை படாதது."

இவ்வளவு அன்பாகச் சொன்னார். "கண்ணு" என்று சொன்னார். நானும் உங்களைக் கண்ணு என்றுதான் கூப்பிடுகிறேன். அன்றிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் நாக்கைக் கொஞ்சம் கழுவிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஊசி போய்க்கொண்டே இருந்தது. பவுடர்ப் பால் வயிற்றுக்கு விட்ட குழாய் வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் ஜெஸிந்தா ஸ்பிரிட் பஞ்சோடு உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைத்தார். அலீனா ஒவ்வொரு ரவுண்டிலும் "நிறுத்தலாமா சார்" என்று கேட்டாள். ஒவ்வொரு ரவுண்டிலும் அதே பதில். பிறகு அவளை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

கோர்ஸ் முடிகிற சமயத்தில் ஒரு காலையில் பிள்ளையின் வயிறு பலூன் மாதிரி உப்பியிருந்தது. தோல் மினுமினுவென்று இழுபட்டு, அடியில் நீலம் ஓடியிருந்தது. பால் குழாயில் உறிஞ்சிப் பார்த்தால் பச்சைப் பித்தம் வந்தது. துணியில் ரத்தம் கலந்த மலம். சேதி கேட்டு அலீனா ஓடி வந்து பார்த்தாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். குடல் அழுக ஆரம்பித்திருந்தது.

ஆம்புலன்ஸில் போட்டு மலையிறக்கினார்கள். பர்லியார் வளைவுகளில் கெஸியா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டு போனாள். கூட ஏறியது எல்சா. ஜெஸிந்தாவுக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது, வாந்தி வரும் என்று சொல்லி, அதே வளைவுகளில் பின்னால் காரில் வந்தார்கள்.

கோயமுத்தூரில் வயிற்றைத் திறந்தார்கள். செத்துப்போன குடலை வெட்டி எடுத்தார்கள். மீதிக் குடலின் வாயை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். சிவப்பாக, நனைந்த ரோஜா மொட்டு மாதிரி ஒரு சதை. அதன் வழியாகத்தான் மலம் வரும். அதன் மேல் ஒரு சின்னப் பையை ஒட்ட வேண்டும். சில மாதம் கழித்து, எடை ஏறினால், திரும்பவும் உள்ளே வைத்துத் தைப்பார்களாம். ஏறினால்.

அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் எல்சா பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் குழைத்துக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோல் உரிந்து தொங்கியது. கெஸியா பார்த்துவிட்டாள்.

"என்னக்கா பண்றே?"

"என்னாலதானே புள்ள. இந்தக் கையாலதானே. கண்டக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க, டாக்டரும் பாத்தார். நான்தான் அறிவு கெட்டு உன்னத் தொட்டுட்டேன்."

வாசலில் நடந்ததெல்லாம் அப்போதுதான் கெஸியாவுக்குத் தெரிந்தது. நர்ஸ் கேட்டது, மாமியார் சொன்னது, கீர்த்திவாசன் முகம் சுளித்தது. கெஸியா அலீனாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்து, அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டாள்.

"டாக்டர், எங்கக்கா கையில இருந்து கிருமி வந்துச்சா?"

"எந்தக் கிருமி சேச்சி?" என்றாள் அலீனா. "ரத்தத்துல ஒண்ணுமே இல்லையே. இல்லாத கிருமி யார் கையில இருந்து வரும்?"

"அப்ப அந்த மருந்தாலதான் இப்படி ஆச்சா?"

அலீனா மெதுவாகச் சொன்னாள். "அதால மட்டும்தான்னு சத்தியம் பண்ண மாட்டேன். மாசம் நிறையாத பிள்ளைங்களுக்கு இது வேற எப்படியும் வரும். ஆனா தேவையில்லாத மருந்து ஒவ்வொரு நாள் கூடக் கூட, வர்ற வாய்ப்பும் கூடும். தாய்ப்பால் இருந்தா குறையும். ரெண்டையும் நாங்க தப்பாப் பண்ணோம். நான் இன்னும் சத்தமாப் பேசியிருக்கணும்."

எல்சா கையைக் கழுவவில்லை. வெள்ளைக் குழைவு வழிகிற கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளை பிழைத்தது. எடை மெல்ல ஏறியது. குன்னூருக்கு வந்தார்கள். அந்தப் பையை மாற்றுகிற வேலை இருக்கிறதே, அது லேசு இல்லை. ஓரம் விட்டுவிட்டால் ஒழுகும், தோல் வெந்துபோகும், வாடை வீடு முழுக்கப் போகும். ஜெஸிந்தா ஒரு தடவை பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனவர்தான், அதற்குப் பிறகு அந்த அறைக் கதவை வெளியிலிருந்தே துடைப்பார். கெஸியாவுக்கோ அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. பிள்ளையின் மலம் அவளுக்கு நாறவில்லையாம். பினாயில்தான் நாறியதாம்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு முன்னால் ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும் என்று ஜெஸிந்தா சொன்னார். பிள்ளை செத்துப்போனால் என்பதை, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என்று அவ்வளவு நல்ல தமிழில் சொன்னார். கெஸியா சரி என்றாள். எங்கக்கா முன் பெஞ்சில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் என்றாள். ஜெஸிந்தாவும் சரி என்றார்.

அந்த ஞாயிறு நானும் முன் பெஞ்சில்தான் இருந்தேன். எல்சா வந்தாள். கையில் வெள்ளை ரப்பர் கையுறை. ஆஸ்பத்திரியில் போடுவார்களே, அது. "கண்டக்டரம்மா குடுத்தாங்க, போட்டோ எடுப்பாங்கன்னு," என்றாள் என்னிடம். சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள். உள்ளே வியர்த்துக் கையுறை விரல்களில் தண்ணீர் கோத்திருந்தது. எனக்கு அங்கேயே எழுந்து வெளியே போக வேண்டும் போல இருந்தது.

ஆயர் ஆரம்பிப்பதற்கு முன் ஜெஸிந்தா சாட்சி சொல்ல, அதாவது கர்த்தர் செய்த நன்மையைச் சபை முன்னால் சொல்ல, எழுந்தார். வெள்ளைப் பட்டு, மல்லிகைப் பூ, மைக்.

"சபையாரே, சுத்தமில்லாத கைகளால எங்க பிள்ளைக்கு வியாதி வந்துச்சு. டாக்டர் பெரிய ஊசி போட்டாங்க. கர்த்தர் அந்த ஊசியை ஆசீர்வதிச்சார். அதனாலதான் இன்னைக்கு எங்க பேத்தி..."

கெஸியா எழுந்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே போய், மைக்கைப் பிடித்திருந்த மாமியார் முன்னால் நின்றாள்.

"புடிங்க அத்தை. நீங்கதான் ஆயர்கிட்ட குடுக்கணும்."

மைக்கை ஆயர் வாங்கிக்கொண்டார். ஜெஸிந்தா பிள்ளையை வாங்கினார். அந்த நேரம் பார்த்து, வெள்ளை கவுனுக்கு அடியில் பையின் ஓரம் விட்டுவிட்டது. மஞ்சளாக ஒரு கோடு கவுனில் இறங்கியது. வாடை முன் பெஞ்சு வரைக்கும் வந்தது.

ஜெஸிந்தா பிள்ளையை மார்போடு அணைக்கவில்லை கண்ணுகளா. இரண்டு கையையும் நீட்டித் தன் பட்டுச்சேலையிலிருந்து தள்ளிப் பிடித்தார். நனைந்த துணியைக் காய வைக்கப் போகிறவர்கள் பிடிப்பார்களே, அப்படி. முகம் திரும்பிவிட்டது. மூக்கு சுருங்கியது. பிள்ளை அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கால்களை உதைத்தது. பெனிஸைப் பார்த்தார், பெனிஸ் தரையைப் பார்த்தான். சுவிசேஷமுத்து கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோனார். சபையில் பாதிப் பேர் கைக்குட்டையைத் தேடினார்கள்.

எல்சா எழுந்தாள். முதலில் ஒரு கையுறையைப் பிடுங்கினாள், பிறகு இன்னொன்றை. இரண்டையும் பெஞ்சில் போட்டாள். போய்ப் பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்து, கவுனுக்குள் கையை விட்டு, விட்டுப்போன ஓரத்தைக் கருத்த இரண்டு விரலால் தோலோடு அமுக்கிப் பிடித்தாள். முந்தானையால் துடைத்தாள். பிள்ளை அவள் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு அடங்கிவிட்டது.

"அப்படியே வெச்சுக்கம்மா," என்றார் ஆயர். ஞானஸ்நானத் தண்ணீர் அந்தக் கையிலிருந்த பிள்ளையின் தலையில்தான் விழுந்தது.

ஆராதனை முடிந்ததும் நான் பின்பக்கம் குழாயடிக்குப் போனேன். ஜெஸிந்தா அங்கே சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கை வரைக்கும் நுரை. கழுவி, மோந்து பார்த்து, மறுபடி சோப்பு. அந்தக் கையில் ஒன்றும் இல்லை. நான் பார்த்தேன். ஒரு பொட்டு மஞ்சள்கூட அதன் மேல் படவில்லை.

கெஸியாவும் எல்சாவும் துணிப் பையோடு வந்தார்கள். மஞ்சூர் பஸ்ஸுக்குக் கிளம்பிய மாதிரி இருந்தது. பெனிஸ் கொஞ்சம் தள்ளிக் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனை ஒருத்தரும் கூப்பிடவில்லை.

"எலுமிச்சம்பழம் வெச்சுத் தேச்சுப் பாருங்க அத்தை," என்றாள் எல்சா. அத்தை என்றுதான் சொன்னாள். "எனக்குத்தான் போகல. உங்களுக்குப் போகும்."

ஜெஸிந்தா இன்னும் கொஞ்சம் சோப்பு எடுத்தார்.

கெஸியா கேட்டாள். "அத்தை, அன்னைக்கு நர்ஸ் கேட்டாங்களாமே. இப்ப நான் கேக்கறேன். அது கறையா, அழுக்கா?"

தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. குழாயைப் பார்த்துக்கொண்டே, உதடு அசைகிற அளவுக்கு ஜெஸிந்தா சொன்னார்.

"கறைதான்."

"அன்னைக்கே சொல்லியிருந்தா என் பாலைக் குடிச்சிருக்கும்," என்றாள் கெஸியா. அக்காவோடு படியேறிப் போய்விட்டாள். லயத்தில் இருந்துகொண்டுதான் பிள்ளையை இரண்டாவது ஆபரேஷனுக்குத் தயார் பண்ணினாள். எடை ஏறிக்கொண்டிருக்கிறது என்று எல்சா போனில் சொன்னாள்.

அந்த ஞாயிறு, அவர்கள் போன பிறகு, சர்ச் ஹாலில் எல்லாருக்கும் கேக்கும் மிக்சரும் கொடுத்தார்கள். ஜெஸிந்தாவே தட்டை நீட்டிக்கொண்டு வந்தார். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கி, வெளுத்து, பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. நான் வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க, ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டார்.

வயிறு என்னமோ பண்ணுது என்றேன். உண்மைதானே.